சுமியே வண்டிக்கு நான் பம்ப் மாத்துன கதை

இல்லைங்க, இப்ப ஒரு சொட்டு ஒழுகாது. வேணும்னா கீழ குனிஞ்சு பாருங்க, தரை காஞ்சு கெடக்கு. ஒழுகுனதெல்லாம் ஒரு காலத்துல. அந்த வாட்டர் பம்ப்ப மாத்தி ஒம்போது வருசம் ஆச்சு. கராஜ்ல மாத்துனதா? ம்ஹூம், இந்த எடத்துலதான், இதே கொட்டாயிக்குள்ள. யாரா? நான்தான். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். இந்தக் கைதான்.

வாங்க, இப்புடி ஒக்காருங்க. விக்கிறதப் பத்தி அப்பறம் பேசலாம். ரோட்டுல போறவங்க இந்த வண்டியப் பாத்துட்டு, கொஞ்ச தூரம் போயி, திரும்பி வந்து கதவத் தட்டுறது எனக்குப் புதுசு இல்ல. வருசத்துக்கு ரெண்டு பேரு வருவாங்க. போன வருசம் ஒருத்தரு டோக்கியோலேருந்து வந்து, வண்டிக்கு முன்னாடி நின்னு கும்புடாத கொறதான். இந்தாங்க டீ. இது பொகையில காய வச்ச முள்ளங்கி ஊறுகா. நோஷிரோவுக்கு வந்துட்டு இதத் திங்காம போனா ஊர்ல யாரும் உங்கள மதிக்க மாட்டாங்க. கடிங்க, பல்லு நல்லாத்தான இருக்கு?

வீட்டுக்காரரா? அவரு போயி ஏழு மாசம் ஆவுது. பிப்ரவரியில. பரவால்லைங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. எழுபத்தேழு வயசு. கெய்சோன்னு பேரு. துறைமுகத்துல மீனவர் சங்க ஆபீஸ்ல கணக்கெழுதிட்டு இருந்தாரு. ரொம்பப் பேச மாட்டாரு.

வண்டி அவரோடது இல்லைங்க. என்னோடதும் இல்ல. அது சுமியே வண்டி. இந்தத் தெருவுல சின்னக் கொழந்தயக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். சுமியே அவரோட மொத சம்சாரம். கிராமம் கிராமமாப் போயி ஊசி போடுற நர்ஸு. சொந்த சம்பாத்தியத்துல வாங்குன வண்டி இது. வாங்கி ரெண்டே வருசத்துல வயித்துல ஏதோ கட்டின்னு போயிச் சேந்துட்டா. அப்ப அவளுக்கு நாப்பத்தோரு வயசு.

நான் வந்தது அதுக்கப்பறம் பதினேழு வருசம் கழிச்சு. எனக்கு அப்ப நாப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்து சமையல்கட்டுல வேல பாத்துக்கிட்டு, படுக்கையில கெடந்த அம்மாவயும் பாத்துக்கிட்டு, கல்யாணம்ங்கறதையே மறந்து போயிருந்தேன். அம்மா போனதும் மீன் மார்க்கெட்டுல ஒரு அக்கா பேசி முடிச்சு வச்சா. நல்ல மனுசன், குடி கிடையாது, ஒரே கொற, மொத சம்சாரத்த இன்னும் மறக்கலன்னா. செத்தவ தானேன்னு நெனச்சேன். அதுதான் தப்பு. உசுரோட இருக்கறவளோட மல்லுக்கட்டலாம்ங்க. சண்ட போடலாம், அவ சமையல்ல உப்பு கூடன்னு சொல்லலாம். செத்தவகிட்ட என்ன பண்ண முடியும்?

காலையில பொங்குனதும் மொத பிடி சோறு பூசை மாடத்துல அவ படத்துக்கு. வைக்கிறது யாரு? நான். அப்பறம் அவருக்கு. அடுத்துதான் நான். பதினெட்டு வருசம் அப்படித்தான். அந்தப் படத்துல அவளுக்கு நாப்பத்தொண்ணு தாண்டவே இல்ல பாருங்க. எனக்கு மட்டும் வருசா வருசம் ஏறுது. படத்துக் கண்ணாடியத் தொடைக்கிறப்ப அதுல என் மொகமும் தெரியும். ஒரே சட்டத்துக்குள்ள ரெண்டு பேரு. யாரு நல்லாருக்கான்னு நானே பாத்துக்குவேன். பதில் தெரிஞ்சுக்கிட்டே பாக்குறது.

அவ கோப்பை, தட்டெல்லாம் ஒவ்வொண்ணா ஒடைஞ்சுது. ஆமா, சிலது தானா ஒடஞ்சுது, சிலதுக்கு நான் கொஞ்சம் ஒத்தாச பண்ணேன். அதெல்லாம் அவரு பெரிசு பண்ணல. ஆனா வண்டி இருக்கே, அதுல ஒரு கீறல் விழக்கூடாது. நமக்குப் பனி நாலு மாசம். ரோட்டுல உப்பக் கொட்டுறாங்க, இரும்பத் தின்னுடும்னு நவம்பர்லயே உள்ள ஏத்தி கம்பளி போத்திடுவாரு. ஒரு வருசம் வண்டிக்குப் புதுக் கம்பளி வாங்கிட்டு வந்தாரு. பழசு நல்லாத்தான் இருக்கு, மடிச்சு வச்சுக்க, உனக்கு ஆவும்னாரு. ஆவும்னாருங்க.

வெளிய போறதுக்கு எங்ககிட்ட ஒரு குட்டி லாரி இருந்துச்சு. கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதுதான். சுமியே வண்டி ஞாயித்துக்கெழம மட்டும். அவரு தனியா எடுத்துட்டு, கல்லறைக்குப் போயி பூ வச்சுட்டு, கடலோரமா ஒரு சுத்து சுத்திட்டு வருவாரு. வாரியான்னு என்னய ரெண்டு தடவ கேட்டாரு. கால் வலின்னு சொன்னேன். அப்பறம் கேக்கல.

பம்புக்கு வர்றேன். ஒரு ஏப்ரல் மாசம். கம்பளிய எடுத்தா வண்டிக்கு அடியில எஞ்சின் தண்ணி ஒழுகி பச்சையா ஒரு குட்டை. ஸ்டார்ட் பண்ணா முன்பக்கம் ஏதோ எலி கத்துற மாதிரி சத்தம். கடைத்தெருவுல ஒனோதேரான்னு ஒரு கராஜ்காரரு, அவரு வந்து பாத்தாரு. பம்ப் போச்சு அண்ணே, பேரிங்கும் ஆடுது. இந்தப் பழசுக்கு இனிமே நான் கை வைக்க மாட்டேன், ஒரு போல்ட்டு முறிஞ்சா எஞ்சினே வீணு. அடுத்த மாசம் அரசாங்க சோதன வேற வருது. பேசாம கழிச்சு விட்டுடுங்கன்னாரு.

அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு நான் என்ன ஆக்குனேன்னு சொல்லட்டா? செவப்புப் பயறு போட்டு சோறு. ஆமாங்க, கல்யாணத்துக்கும் புள்ள பொறந்தாலும் ஆக்குவோமே, அதே தான். எனக்கே தெரியாம கை போயி பயற ஊற வச்சுட்டுச்சு. அவரு ரெண்டு கிண்ணம் சாப்புட்டுட்டு, இன்னைக்கு என்ன விசேசம்னு கேட்டாரு. செர்ரி பூத்துடுச்சுன்னேன். அப்ப ஒரு மொட்டுகூட விடல. அவரு சன்னல் பக்கம் பாத்தாரு. கிண்ணத்த வச்சுட்டு, பம்ப்புக்கு எழுதிப் போட்டிருக்கேன், நானே மாத்திக்கிறேன்னாரு.

எப்படி மாத்துவாரு? அதுக்கு ரெண்டு வருசம் முந்தியே அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. சரியாப் போச்சு, வண்டியும் ஓட்டுனாரு. ஆனா வலது கை வெரலு மட்டும் சொன்ன பேச்சு கேக்காது. சாப்பிடுற சாப்ஸ்டிக் குச்சிய இடது கைக்கு மாத்திக்கிட்டாரு. நட்டப் புடிச்சா வழுக்கி விழுந்துடும்.

பொட்டி வந்துச்சு. காலையில பழைய பாய விரிச்சு ஆரம்பிச்சாரு. நான் சமையல்கட்டு சன்னல்ல நின்னு வெங்காயத் தாளு நறுக்கிக்கிட்டே பாத்துட்டு இருந்தேன். ஸ்பேனரு விழும். குனிஞ்சு தேடி எடுப்பாரு. மறுபடி விழும். எண்ணிட்டே இருந்தேன். எட்டுத் தடவ. எனக்குப் பாவமா இருந்துச்சுன்னு நெனைக்காதீங்க, எரிஞ்சுச்சு. அவ வண்டிக்காக எட்டுத் தடவ குனியுற மனுசன், எனக்குன்னு ஒரு தடவ குனிஞ்சிருப்பாரான்னு இருந்துச்சு. அடுப்ப அணைச்சுட்டுப் போயி, நகருங்கன்னு சொல்லி ஸ்பேனரப் புடுங்கிட்டேன்.

மூணு நாளு. அவரு முக்காலி போட்டு ஒக்காந்து சொல்லுவாரு, நான் செய்வேன். மொதல்ல ரேடியேட்டர்லேருந்து தண்ணிய எறக்குனோம். பெல்ட்டக் கழட்டி, ஃபேனக் கழட்டி, அதுக்குப் பின்னாடி பம்ப்பு. ஆறு போல்ட்டு. நாலு குட்ட, ரெண்டு நீட்டு. மாத்திப் போட்டா போச்சு. அவரு ஒரு அட்டையில பம்ப்ப அப்படியே வரஞ்சு ஆறு ஓட்ட போட்டு வச்சிருந்தாரு. கழட்டுன போல்ட்ட அந்தந்த ஓட்டையில சொருகணும். எவ்வளவு அழகான புத்தி பாருங்க. நான் சொருக சொருக அவருக்கு மொகம் மலர்ந்துச்சு.

ஒரு போல்ட்டு மட்டும் துருப்புடிச்சு நகரவே மாட்டேன்னுச்சு. எண்ணெய ஊத்தி, சுத்தியால மெதுவாத் தட்டி, மறுபடி ஊத்தி. அழுத்துனா முறிஞ்சுடும்னு என் கை மேல அவரு இடது கைய வச்சுக்கிட்டாரு. இப்ப, கொஞ்சம், விடு, இப்பன்னு. ஒரு மணி நேரம் இருக்கும். ஒம்போது வருச வாழ்க்கையில அவ்வளவு நேரம் என் கையப் புடிச்சதே இல்லைங்க அவரு. கடைசில அது கிர்ருனு கொடுத்துச்சு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு. கராஜ்காரரு கை வைக்கப் பயந்ததை சமையல்காரி கழட்டிட்டான்னாரு.

பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒழுகாம இருக்க வைக்கிற பழைய பேக்கிங்கு எஞ்சின்ல அப்பிட்டு கெடந்துச்சு. அதச் சொரண்டி எடுக்கணும், கீறல் விழாம. முந்நூறு புள்ளைங்க சாப்புட்ட அண்டாவ இருவது வருசம் சொரண்டுனவ நான், எனக்கு இது ஒரு வேலையா? அவரு வெரலால தடவிப் பாத்துட்டு, கண்ணாடி மாதிரி இருக்குன்னாரு. அப்ப பேச ஆரம்பிச்சாருங்க. சின்ன வயசுல கடல்ல மூழ்கப் பாத்தது, அண்ணன் தூக்கி வெளிய போட்டது, பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு ரயில் பாக்கப் போனது. எல்லாம் சுமியே வர்றதுக்கு முந்தின கத. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அவ நொழையாத ஒரு அறைய எனக்கு மட்டும் தொறந்து விட்ட மாதிரி. அன்னைக்கு அந்த வண்டி மேலகூட எனக்குக் கோவம் இல்ல.

புது பம்ப்ப வச்சு, பேக்கிங்க வச்சு, போல்ட்ட முடுக்கணும். ஒரே பக்கமா முடுக்கக் கூடாது, எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா. முடுக்கி முடிச்ச போல்ட்டு தலையில வெள்ளப் பெயிண்டுப் பேனாவால ஒரு கோடு. அது இறுகுனதுக்கு அடையாளம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவதுக்கு நான் பல்லக் கடிச்சு இழுக்குறேன். அவரு பக்கத்துல குனிஞ்சு, அவ்வளவுதான், இன்னும் கால் சுத்து, போதும் சுமியேன்னாரு.

அவருக்கே தெரியலைங்க. அப்படியே அட்டையப் பாத்துட்டு, அடுத்தது அடியில இருக்கே அதுன்னாரு. கொரல்ல அவ்வளவு சந்தோசம். அதுதான் தாங்கல. அந்த ரெண்டு நாளு கொரலும், சிரிப்பும், என் கை மேல இருந்த கையும் யாருக்குக் குடுத்ததுன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஆறாவது போல்ட்டு ரொம்பக் கீழ. அவரு ஒக்காந்த எடத்துலேருந்து தெரியாது. வெரலால திருவி உள்ள விட்டேன். ஸ்பேனர சும்மா உரசி சத்தம் மட்டும் காமிச்சேன். இறுகிடுச்சான்னு கேட்டாரு. இறுகிடுச்சுன்னேன். பேனாவ நீட்டுனாரு. வாங்கிக்கிட்டேன், ஆனா கோடு போடல. பொய் வாய்ல வந்துடுச்சு, கை போகல.

என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். சோதன அகிதாவுல. அறுவது கிலோமீட்டரு. பாதி வழில தண்ணி பூரா ஒழுகி எஞ்சின் கொதிச்சுடும். ஒனோதேரா வந்து, நான் அப்பவே சொன்னேனேம்பாரு. இழுத்துட்டுப் போவாங்க. முடிஞ்சுது. அவருக்கு ஒண்ணும் ஆவாது, வண்டிக்குத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பேக்கிங்குல தடவுன பசை காயணும், மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்னு அவரு எழுந்துட்டாரு. நானும் கையக் கழுவிட்டு அரிசி களஞ்சேன்.

தூக்கமா? எங்க வந்துச்சு. கெட்ட எண்ணம் நெனைக்கிறப்ப ரொம்பச் சுளுவா இருக்குங்க, அதோட படுத்துக் கெடக்குறதுதான் கஷ்டம். திரும்பத் திரும்ப ஒண்ணு மட்டும் கண்ணுல வருது. வண்டி நின்னதும் அவரு எறங்குவாரு. பானெட்டத் தொறந்து பாப்பாரு. அந்த வெளங்காத வெரலால கொதிக்கிற ரேடியேட்டர் மூடியத் திருவுவாரு. மொகத்துல அடிக்கும். இது எனக்கு ஏன் மொதல்லயே தோணல? வெளுத்ததும் எழுந்தேன். ஸ்பேனர எடுத்துட்டு கொட்டாயிக்குப் போயி, பாயில படுத்து, கைய விட்டு, அந்த ஆறாவது போல்ட்டத் தேடிப் புடிச்சு முடுக்குனேன்.

நகரல.

இழுத்துப் பாத்தேன். ம்ஹூம். கல்லு மாதிரி இறுகியிருக்கு. டார்ச்ச அடிச்சுப் பாத்தா, தலையில வெள்ளக் கோடு. நேராக்கூட இல்ல, கோணலா, கொழந்த கிறுக்குன மாதிரி.

காலையில சாப்பாட்டுக்கு ஒக்காந்தப்ப பாத்தேன். அவரு இடது கை வெரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சிருந்துச்சு. நாலு வெரல்லயும். கிண்ணத்தப் புடிக்கிறப்ப லேசா சுளிச்சாரு. எந்நேரத்துல போயி, எப்படிப் படுத்து, ஒத்தக் கையால எத்தன தடவ நழுவ விட்டு முடுக்குனாரோ. நான் அவரப் பாக்குறேன், அவரு கிண்ணத்தப் பாக்குறாரு. இன்னும் கொஞ்சம் மிசோ சூப்பு இருக்கான்னு கேட்டாரு. ஊத்துனேன். அவ்வளவுதான்.

அன்னைக்கு மத்த வேலையெல்லாம் முடிச்சோம். ஃபேனு, பெல்ட்டு, தண்ணி. காத்துக் குமிழி வெளிய வர்ற வரைக்கும் ஹீட்டரப் போட்டு ஓட விட்டோம். எலிச் சத்தம் போயிடுச்சு. அவரு என் மொகத்தப் பாக்காமலே, நாளைக்கு நீயும் வா அகிதாவுக்குன்னாரு. ஏறிக்கிட்டேன். கால் வலின்னு சொல்ல நாக்கு வரல.

சோதனையில தேறிடுச்சு. அங்க இருந்த ஆபீசரு அடியில எட்டிப் பாத்துட்டு, யாரு பண்ணது, சுத்தமா இருக்கேன்னாரு. இவரு என்னயக் காமிச்சாரு. திரும்பி வர்றப்ப சோபா நூடுல்ஸ் கடையில நிறுத்தி ரெண்டு பேரும் சாப்புட்டோம். அப்பறம் கடல் தெரியுற எடத்துல வர்றப்ப, ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு: நீ முடுக்குனது நல்லா இறுகியிருக்கு, நோபுயே.

என் பேரச் சொன்னாருங்க. சரியா என் பேர.

குத்திக் காட்டுனாரா, மன்னிச்சாரா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தத் தோலு உரிஞ்சது வண்டியக் காப்பாத்தவா, இல்ல நான் தப்புப் பண்ணவளா ஆயிடக் கூடாதுன்னா? அதுக்கப்பறம் எட்டு வருசம் ஒரே தட்டுல ஊறுகா எடுத்துத் தின்னோம். கேக்கலாம்தான். கேட்டா பதில் வந்துடுமே. அவளுக்காகத்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா நான் எங்க போறது? அதனால எனக்காகத்தான்னு வச்சுக்கிட்டேன். சில நாளு அப்படி வச்சுக்க முடியும். சில நாளு முடியாது. சோறு வைக்கிறப்ப அவ படத்துல லேசா சிரிக்கிற மாதிரி இருக்கும், அன்னைக்கெல்லாம் முடியாது.

எழுந்துட்டீங்களா? உள்ள ஒக்காந்து பாக்கணுமா, தாராளமா. நில்லுங்க, அந்தக் கதவு வேணாம், இந்தப் பக்கமா வந்து ஸ்டியரிங்கு பக்கம் ஏறுங்க. அந்த சீட்டுல அவரு இருக்காரு.

அதான், அந்த வெள்ளத் துணிப் பொட்டலம். பயப்படாதீங்க, பெல்ட்டு போட்டுத்தான் வச்சிருக்கேன். நாப்பத்தொம்பதாம் நாளே அஸ்திய கல்லறையில வச்சிருக்கணும். குடும்பக் கல்லறை மூத்தவருக்கு, இவரு வீட்டுல ரெண்டாவது புள்ள, அதனால தனிக் கல்லறை. சுமியேவுக்காக வாங்குனது. அவ ஒருத்திதான் உள்ள இருக்கா. அவரு தங்கச்சி வாரா வாரம் போன் பண்றா, அண்ணனக் கொண்டாந்து வைக்கலையான்னு. மொதல்ல பனின்னேன். அப்பறம் மழன்னேன். இப்ப முட்டி வலின்னு சொல்லிட்டு இருக்கேன். கோயில் சாமியாரும் வந்து இதே டீயக் குடிச்சுட்டுப் போனாரு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடலோரமா ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன், இப்ப நான்தான் ஓட்டுறேன். கல்லறைப் பக்கம் மட்டும் திருப்புறது இல்ல. அவ முப்பத்தஞ்சு வருசம் தனியா இருந்து பழகிட்டா, இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும். நான் போறப்ப சேந்தே போறோம். சாமியாருகிட்ட ஒண்ணு மட்டும் எழுதி வாங்கி வச்சிருக்கேன், நடுவுல என்னயத்தான் வைக்கணும்னு.

ம், பாத்துட்டீங்களா? கதவ மெதுவா சாத்துங்க. டமார்னு சாத்துனா அவருக்குப் புடிக்காது.